இசான் எத்தனை பேர்

பேருந்து நிலையத்தில் மைக்கம்மாவைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்காதவர்கள் கிடையாது. மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், மைக் திறந்திருந்தால் எரிகிற சிவப்பு பல்பு, வெந்நீர் பிளாஸ்க், இவற்றுக்கு நடுவே மைக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய குடை எந்த இருக்கையில் கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டு அழுகிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூட அவள் உளறியது கிடையாது. மைக்கை மூடாமல் விட்டுவிட்டு வீட்டுக் கதை பேசி மாட்டிக்கொண்டவர்கள் அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் வந்தாலே மைக்கம்மா உதட்டைப் பிதுக்குவாள்.

இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. ஓய்வு பெறுவதில் அவளுக்கு வருத்தமில்லை. தொண்டையும் ஓய்வு கேட்டது. சிக்கல் வேறு இடத்தில். வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இரண்டு அறைதான் அவளுக்கு உலகம். இனி மகள் வீடா, மகன் வீடா? இரண்டு பேருமே வா வா என்கிறார்கள். "ரெண்டு பேரும் கூப்பிடாம இருந்தா வேற கதை, ரெண்டு பேரும் கூப்பிட்டா அதைவிடப் பெரிய கதை" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மகள் கேக் மேல் எழுத்து எழுதுகிற பேக்கரிக்காரி. அவளைக் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக், தாய்மொழி மேற்கே கடல் தாண்டிப் பேசுகிற ஒரோமோ. மகன் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறான். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள், தாய்மொழி கிழக்கே கடல் தாண்டிப் பேசுகிற ஜாவானியம். இப்படி ஒருத்தி ஒரு திசையிலும் ஒருத்தன் இன்னொரு திசையிலும் போய்ச் சம்பந்தம் பிடித்தார்களே என்று மைக்கம்மா ஒருநாளும் நொந்துகொண்டதில்லை. மாப்பிள்ளை தங்கமானவர், மருமகள் அதற்குக் குறைந்தவள் இல்லை. அவளுடைய பயம் ஒன்றே ஒன்றுதான்: கூடத்தில் தன்னை உட்காரவைத்துக்கொண்டே தன்னைப் பற்றி அவர்கள் மொழியில் பேசினால்?

இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டவள் டிக்கெட் அக்கா. கீழே முன்பதிவு ஜன்னலில் உட்காருகிறவள். அவளுடைய மருமகளும் வேறு பாஷைதான். மாமியாரை அந்தப் பெண் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட, செல்லப்பெயர் என்று நம்பி அக்கா ஊரெல்லாம் பெருமையடித்தாள். ஒரு வருஷம் கழித்துத்தான் அதற்கு ரேடியோ என்று அர்த்தம் தெரிந்தது.

"வெறும் ரேடியோ கூட இல்லடி. அணைக்க முடியாத ரேடியோவாம்" என்றாள் அக்கா, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே.

"நான் வாழ்க்கை பூரா பேசித்தான் பொழைச்சேன். கடைசி காலத்துல பேச்சு புரியாத வீட்டுல பொம்மை மாதிரி உக்கார என்னால ஆகாதுக்கா. ரெண்டு பாஷையையும் பாக்கப் போறேன். எது எனக்குப் புரியுதோ அந்த வீடு."

"பாஷையைப் பாத்தா வீடு முடிவு பண்ணுவ? பாத்ரூம் எங்க இருக்குன்னு பாருடி மொதல்ல."

"பாத்ரூமுக்கு வழி கேக்கறதுக்கும் பாஷை வேணுமே."

அக்கா தன் ஊறுகாயை அவள் பக்கம் தள்ளினாள். அது அபூர்வம்.

இரண்டு மொழிக்கும் இரண்டு புத்தகம் கிடைத்தது. இரண்டுமே இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போலத்தான், ஆனால் வேறு வழி இல்லை. பேருந்து வராத இடைவெளியில் மைக்கை மூடிவிட்டு மைக்கம்மா வாய்விட்டுப் படித்தாள். கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் அவள் ஏதோ வேண்டுதலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் நடந்தார்கள்.

முதலில் ஜாவானியம் அவளை மயக்கியது. அதில் வினைச்சொல் ஒரே இடத்தில் கல்லு மாதிரி நிற்கிறது. நான் போனாலும் அவள் போனாலும், நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும், ஒரே சொல். நம் 'போ'வைப் பார்த்தால் போனேன், போனாள், போவார்கள் என்று அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போகும். "அடேங்கப்பா, இவ்வளவு சுலபமா, மருமகள் வீடுதான்" என்று அவள் பாதி மூட்டை கட்டிவிட்டாள்.

பிறகு சாப்பிடுவது என்ற பாடம் வந்தது. சாப்பிடுவதற்கு மூன்று சொல் போட்டிருந்தார்கள். மங்ஙன், நெடோ, டஹர். தூங்குவதற்கும் மூன்று. துரு, திலெம், சரே. அதில் முதல் சொல் உடனே அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. தூங்கியே கிடந்தால் துருப்பிடிக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். மூன்றில் எது அழகாகக் காதில் விழுகிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று மீதியைத் தள்ளிவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

வார விடுமுறைக்கு மகன் வீட்டுக்குப் போனாள். மாடி வீடு, வெளிச்சமான கூடம், சுவரில் எழுத்துகள் பெரிசிலிருந்து சிறிசாக இறங்குகிற கண் பரிசோதனை அட்டை. மருமகள் சாப்பாட்டு மேசையில் ஏறி நின்ற பூனையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பூனை, நீங்க கீழ இறங்குங்க. அதுல நாங்க சாப்பிடணும்."

"பூனைக்கு எதுக்குடா மரியாதை?" என்று மகன் காதில் கிசுகிசுத்தாள் மைக்கம்மா.

"அவங்க பாஷையில ஆள் பாத்துப் பேசணும்மா. தமிழ்ல தப்பா ஒரு 'நீ' விழுந்துடுமோன்னு பயம். அதான் எல்லாருக்கும் 'நீங்க'. நேத்து கொசுவைக்கூட 'போங்க'ன்னா."

மருமகள் மாமியாரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "இபு சம்புன் டஹர்?" என்றாள். அம்மா சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறாள். மைக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உடம்பு சிலிர்த்தது. பேருந்து அறிவிக்கிற கணீர்க் குரலில், ஒரு எழுத்து பிசகாமல், "குலோ சம்புன் டஹர்" என்று பதில் சொன்னாள்.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் விரிந்தது. "அடுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் ஓடினாள். அடுப்பு எரியவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே கரண்டி விழுகிற சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்பும்.

"என்னடா தப்பா சொன்னேன்?"

மகன் தரையைப் பார்த்தான். "தப்பில்லம்மா. டஹர்ங்கறது மரியாதைச் சொல். அடுத்தவங்க சாப்பிட்டாத்தான் அதைச் சொல்லணும். நம்மளைச் சொல்லிக்கும்போது தணிவா நெடோன்னு சொல்லணும். சிநேகிதங்களுக்குள்ளன்னா மங்ஙன்."

"அப்ப நான் என்ன சொன்னேன்?"

"நான் ஏற்கனவே உண்டருளிவிட்டேன்னு சொன்ன."

மைக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவும் எழுந்தருளியது போலத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக வாய் தவறாத தனக்கு, மருமகள் வீட்டில் காலடி வைத்த முதல் வாக்கியத்திலேயே மானம் போய்விட்டதே என்று குமைந்தாள். சாப்பிடும்போது மருமகள் கண்ணில் நீர் வர மன்னிப்புக் கேட்டாள், தட்டில் ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். நல்ல பெண்தான். ஆனாலும் மானம் மானம்தானே.

மறுநாள் காலையில் மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசுவது கேட்டது. மைக்கம்மா காய்ந்த துணியை மடிக்கிற சாக்கில் ஜன்னல் ஓரம் போய் நின்றாள். ஒரு வாக்கியத்தில் திலெம் வந்தது. இன்னொன்றில் சரே வந்தது. டஹர் மாதிரிதான் இதுவும்: அவள் தூங்கினால் திலெம், நான் தூங்கினால் சரே. என்னை உசத்தித்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது, நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் சரே தவிர மீதி ஒன்றும் புரியவில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்பதுதான் கேள்வி. மரியாதையாகத் திட்டவும் முடியுமே.

"ஒரு பாஷைன்னு நெனச்சு உள்ள போனா மூணு பாஷை இருக்குக்கா" என்று டிக்கெட் அக்காவிடம் தீர்ப்புச் சொன்னாள். "ஒண்ணைக் கத்துக்கிட்டா ரெண்டு பாக்கி. எனக்கு வயசில்ல."

ஒரோமோ அப்படி இல்லை. புத்தகத்தைத் திறந்ததுமே அது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் நான், பிறகு தண்ணீர், கடைசியில் குடிக்கிறேன். வரிசை அப்படியே நம்முடையது. லஃப என்றால் தரை, லாஃபா என்றால் மெத்தென்று இருப்பது. படம், பாடம் என்று குறில் நெடில் சொல்லி வளர்ந்தவளுக்கு இது ஒரு வித்தையா? சாப்பாட்டுக்கு ஞாத என்று பெயர். ஞாயிற்றுக்கிழமையையும் ஞாபகத்தையும் விட்டால் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஞ-வுக்கு ஒரு பிழைப்புக் கிடைத்ததே என்று மகிழ்ந்தாள். எல்லாவற்றுக்கும் மேல், வா என்பதற்குக் கொட்டு, வாங்க என்பதற்குக் கோட்டா. நாலு பேரைக் கூப்பிடுகிற அதே கோட்டாதான் மரியாதைக்கும். இதற்கு மேல் ஒரு பாஷை என்னதான் செய்ய வேண்டும்?

"மகள் வீடுதான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். "ஒரு இடத்துல இருப்பு, இன்னொரு இடத்துல விருந்து. மருமக வீட்டுக்கு அப்பப்ப போய் உண்டருளிட்டு வரேன்."

அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு ஒத்திகைக்குப் போனாள். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. நெடிய ஆள், விரலிடுக்கில் கிரீஸ் கறை, கையில் ஸ்பானர். மைக்கம்மா "கோட்டா" என்று அவரையே அவர் வீட்டுக்குள் வரவேற்றாள். அவர் குனிந்து வணங்கினார்.

"அத்தை அவர்களின் கனிவான கவனத்திற்கு. தங்கள் மதிய உணவு இன்னும் சற்று நேரத்தில் மேசையை வந்தடையும்."

மாப்பிள்ளையின் தமிழ் அப்படித்தான். அவர் முதன்முதலில் வேலை பார்த்தது பேருந்து நிலைய லிஃப்டில். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு மேலே கேட்ட அறிவிப்புகளை வைத்தே தமிழ் கற்றுக்கொண்டார். குரலில் ஆரம்பித்து, பிறகு குரலுக்குச் சொந்தக்காரியின் மகளில் முடிந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதுகூட "தங்கள் மகளின் பயணத்தில் நானும் இணைய விரும்புகிறேன்" என்றுதான். மைக்கம்மாவால் மறுக்க முடியவில்லை. தன் சொந்தக் குரலையே யார் மறுப்பார்கள்?

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, படுக்கப் போகிறவரை. பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். சத்தமே இல்லாத அறை. பேருந்துகளின் உறுமலில் தூங்கிப் பழகியவளுக்கு அந்த நிசப்தம் காதை அடைத்தது. விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். கூடத்துக்கும் அறைக்கும் நடந்தாள். மகளும் மாப்பிள்ளையும் எழுந்துவிடப் போகிறார்களே என்று அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தாள்.

காலையில் முகம் கழுவிவிட்டு வரும்போது பால்கனியில் மாப்பிள்ளை தன் அக்காவோடு போனில் பேசுவது கேட்டது. மைக்கம்மாவின் கால் தானாக நின்றது. இதற்காகத்தானே இத்தனை படிப்பும்.

"இசான் ஹின் ரஃபன்" என்றார் மாப்பிள்ளை. இசான் என்றால் புத்தகத்தில் 'அவர்கள்' என்று போட்டிருந்தது, இங்கிலீஷில் ஒரே சொல்லில், பக்கத்தில் வேறு விளக்கம் எதுவும் இல்லாமல். அவர்கள் தூங்குவதில்லை. அடுத்து, "இசானீஃப் குதா..." அவர்களுக்கு அறை. சற்று நேரம் ஏதோ வேகமாகப் போயிற்று, பிடிபடவில்லை. முடிவில் தெளிவாக, "இசான் நி டுஃபு." அவர்கள் வருவார்கள்.

திரும்பியவர் மாமியாரைப் பார்த்தார். திருடன் மாதிரி போனைச் சட்டைப் பையில் போட்டார். "காலை வணக்கம், அத்தை. காப்பி தயார் நிலையில் உள்ளது" என்றார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

ராத்திரி பூட்டிக் கிடந்த, தெருவைப் பார்த்த முன்னறை திறந்திருந்தது. போன தடவை வந்தபோது அங்கே சாமான்கள் அடைந்து கிடந்தன. இப்போது காலி. சுவரோரம் புதுக் கட்டில், பெயின்ட் டப்பா, சுருட்டி வைத்த திரைச்சீலை.

"அந்த ரூம் யாருக்குடி?" என்று மகளிடம் கேட்டாள்.

"அதுவா... சும்மாம்மா" என்றாள் மகள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். சிவந்தது.

மைக்கம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் ஜனங்கள் வரப்போகிறார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, இசான், கும்பல். முன்னறை அவர்களுக்கு. காற்றில்லாத, சத்தமில்லாத பின்னறை தனக்கு. அவர்கள் ராத்திரி தூங்குவதும் இல்லையாம். அது என்ன மாதிரியான ஜனம்? முறை வைத்து விழித்திருந்து பேசுவார்களா? அவர் அக்கா தங்கை வருவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேட்டுவிடலாம்தான். கேட்டால், மறைந்து நின்று ஒட்டுக்கேட்டது தெரிந்துபோகும். மொழியைக் கற்றுக்கொண்டால் பயம் போய்விடும் என்று நினைத்தாள், புரிந்ததுதான் வினையாகப் போயிற்று. பேருந்தில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்தியா, ரேடியோவே பரவாயில்ல" என்றாள் டிக்கெட் அக்கா.

"மகன் வீட்டுக்கே போறேன்க்கா. அங்க ஒண்ணும் புரியாது. ஆனா சரேன்னு ஒரு சொல்லாவது எனக்குன்னு இருக்கு."

மகனுக்குப் போன் போட்டாள். அவன் யாருக்கோ கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான் போல, எடுக்கவில்லை. அதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது.

"எப்பம்மா சாமான் எடுக்க வரட்டும்?"

"நான் வரல. அவங்க சௌகரியமா இருக்கட்டும்."

"எவங்க?"

"வரப்போறவங்கதான். அவங்களுக்கு ரூம் எல்லாம் தயார் பண்ணியாச்சே."

"அம்மா, அவங்களுக்குத்தானே பண்றோம்?" என்றாள் மகள் குழம்பிப்போய். வரப்போறவங்க என்றால் அவளுக்கு அம்மாதான், ஆனால் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று 'உனக்கு' என்று மட்டும் சொல்லாமல் விட்டாள். அந்த ஒரு சொல்லை அன்றைக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

"தெரியுதில்ல? அப்புறம் என்ன. எனக்கு வண்டி வந்துடுச்சு" என்று மைக்கம்மா போனை வைத்தாள். வண்டி எதுவும் வரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வந்துவிட்டார். பேருந்து நிலைய லிஃப்டைப் பார்க்கிற முறை அவருடையதில்லை. ஆனாலும் கருவிப் பெட்டியோடு வந்து, ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, நேரே மைக் அறைக்கு வந்து கதவைத் தட்டினார். மனைவி அழுதுகொண்டே அனுப்பி வைத்த முகம் அது.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் மைக்கம்மா தமிழில். கோட்டா எல்லாம் போயிற்று. "உக்காருங்க. ஒரு அறிவிப்பு இருக்கு, முடிச்சுடறேன்."

சுவிட்சைப் போட்டாள். சிவப்பு பல்பு எரிந்தது. குரலில் வீட்டு வருத்தம் துளியும் இல்லை.

"மேலாளர் அவர்கள் உடனடியாக நேரக் காப்பாளர் அறைக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மாப்பிள்ளை சிரித்தார். மனசு சரியில்லாத நேரத்தில் ஒருவர் சிரித்தால் எப்படி இருக்கும்? மைக்கம்மா சுவிட்சை மறந்து நாற்காலியோடு திரும்பினாள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"மன்னிக்கவும், அத்தை. பழைய நினைவு வந்தடைந்தது. நான் இங்கே பணியில் சேர்ந்த புதிதில் இதே அறிவிப்பைக் கேட்டேன். மேலாளர் அவர்கள் வருகிறார்கள். எனவே லிஃப்டின் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். நான்கைந்து பேராவது வருவார்கள், எடை தாங்குமா என்று கவலை. ஒல்லியாக ஒருவர் வந்தார். மீதிப் பேர் எங்கே, ஐயா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்."

மைக்கம்மாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"பிறகுதான் அறிந்தேன்" என்றார் மாப்பிள்ளை. "அவர்கள் என்றால் ஒருவர். மதிப்பிற்குரிய ஒருவர். எங்கள் மொழியிலும் அவ்வாறே. அன்றைக்கு எனக்கு இந்த ஊர் சொந்த ஊர் ஆயிற்று."

மைக்கம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மேசையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். மேலாளர் அவர்கள், ஓட்டுநர் அவர்கள், நேரக் காப்பாளர் அவர்கள் என்று நித்தமும் ஒற்றை ஆளைப் பன்மையில் கூப்பிட்டே காலம் தள்ளிய வாய் அவளுடையது. மாமியார் அவங்க, டாக்டர் அவங்க, போன வாரம்கூடப் பக்கத்து வீட்டு டீச்சரைப் பற்றி 'அவங்க வந்தாங்க' என்று சொன்னாள். எத்தனை டீச்சர் என்று யார் கேட்டார்கள்? வெளிநாட்டுக்காரன் தடுக்கி விழுந்தால் நியாயம் உண்டு. தமிழச்சி விழலாமா இந்தப் பள்ளத்தில்?

"உங்க பாஷையில அந்த அவர்களுக்கு என்ன சொல்?" என்று கேட்டாள்.

"இசான்."

"நீங்க உங்க அக்காகிட்ட போன்ல இசான் இசான்னு சொன்னீங்களே. அது எத்தனை பேரு?"

மாப்பிள்ளை விழித்தார். "ஒருவர். தாங்கள்."

"தூங்கறதில்லன்னு சொன்னது?"

"தாங்கள் அன்றிரவு முழுவதும் நடந்துகொண்டே இருந்தீர்கள். எனக்குக் கேட்டது. அக்காவிடம் சொன்னேன், நான் எண்ணியவாறே இவர்களுக்கு அமைதியில் தூக்கம் வராது, பேருந்துச் சத்தம் வேண்டும். ஆகவேதான் தெருவைப் பார்த்த அறையை முன்பே தயார் செய்யத் தொடங்கினேன் என்று. எங்கள் தெருவில் விடியும்வரை பேருந்து உண்டு. தாங்கள் வந்த பிறகே தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது திட்டம்."

"அந்த ரூம் எனக்கா?"

"தங்களுக்கே."

"கும்பலா யாரும் வரலையா?"

"இல்லை, அத்தை. இருப்பது ஒரு கட்டில்தான்."

மைக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தன்னைப் பற்றி அந்த வீட்டில் பேசினார்கள், தான் இல்லாத இடத்திலும் தன்னைப் பன்மையில் வைத்துத்தான் பேசினார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் முழுசாக இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கமும் தாங்கவில்லை.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள். "இசான் நி டுஃபு."

மாப்பிள்ளை தயங்கினார். "அத்தை, ஒரு சிறு திருத்தம். தன்னைத் தானே இசான் என்று சொல்லிக்கொள்வது வழக்கமில்லை."

"தெரியும். ஏற்கனவே ஒரு வீட்டுல உண்டருளிட்டு வந்தவ நான். இன்னிக்கு ஒருநாள் சொல்லிக்கறேன், விடுங்க."

கீழே என்னவோ குறைகிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஹாரன் இல்லை. கூவி விற்கிறவர்கள் சத்தம் இல்லை. மைக்கம்மா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பேருந்து நிலையம் முழுக்க அண்ணாந்து நின்றது. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நடத்துநர்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதை கேட்கிற பயணிகள். முன்பதிவு ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டி, ஒரு கையில் யாருடைய டிக்கெட்டையோ வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தபடி டிக்கெட் அக்கா.

மெதுவாகத் திரும்பினாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்சை அணைப்பதற்குள் படியில் வேகமாக ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மேலாளர் அவர்கள் வந்தார்கள், ஒல்லியாக, தனியாக, மூச்சிரைக்க.

"என்னம்மா நடக்குது இங்க? கீழ ஒரு வண்டியும் நகரல. டிரைவருங்க எல்லாம் இசான் வந்தாச்சான்னு கேட்டுட்டு நிக்கறாங்க. யாரு அந்த இசான்? எத்தனை பேரு?"

மைக்கம்மா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்" என்றாள். "ஒரே ஆள்தான்."